செடியைப் பிரித்துக் கொடுத்தீர்கள், காணித் தாளையும் கொடுங்கள்

பெருந்தோட்ட அமைச்சுக்கும், திறைசேரிக்கும், பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்கும்:

மலையகத் தோட்டங்களில் தேயிலை மலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆயிரம் செடி, ஆயிரத்து ஐந்நூறு செடி என்று தொழிலாளர் குடும்பங்களிடம் கொடுத்துவருகிறீர்கள். வெளியார் உற்பத்தி முறை, வருமானப் பகிர்வு என்று கம்பனிக்குக் கம்பனி இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டம் வருகைக் கொடுப்பனவும் சேர்த்து அதை 1,750 ஆக்குவதாக அறிவித்தது. சம்பளப் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும், இனி இந்தப் பிரிப்பு ஒன்றே வழி என்கிறீர்கள். தொழிலாளி இனிச் சிறுதோட்ட உடைமையாளர் என்று மேடைகளில் சொல்கிறீர்கள். எதற்கு உடைமையாளர் என்று தெரிந்துகொள்ள, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட தாள்களை வாசித்தோம். வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் பார்த்த தாள்களில் இருப்பவை இவ்வளவுதான்: மலையின் இலக்கம், செடிகளின் எண்ணிக்கை, கொழுந்துக்குத் தோட்டம் நிர்ணயிக்கும் விலை கொடுக்கப்படும் என்ற வாசகம், பராமரிப்புத் திருப்தியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற வாசகம், இரண்டு கையொப்பம். நில அளவைப் படம் இல்லை. எல்லை இல்லை. காலம் எழுதியிருந்தால் ஓராண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. நொத்தாரிசு முன் கையொப்பமிட்டதாக ஒன்றைக்கூடக் காணவில்லை.

இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி சம்பந்தமான எந்த உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்படாவிட்டால் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. ஆகவே இந்தத் தாளை நம்பி ஒரு குடும்பம் பத்து வருடம் உழைத்தாலும், நீதிமன்றத்தில் அதற்கு ஒரு மாதக் குத்தகைக்காரருக்கு மேல் எந்த நிலையும் கிடையாது. நீண்டகாலம் ஆண்டு அனுபவித்ததைக் காட்டி உரிமை கோரவும் வழியில்லை. தோட்டக் காணி அரச காணி. அரசுக்கு எதிராக ஆட்சிக்கால உரிமை எழாது.

அதே 1840இல்தான் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டமும் வந்தது. தாள் காட்ட முடியாதவர்களின் காடும் சேனையும் முடிக்குச் சேர்ந்தன. கண்டி விவசாயிகள் இழந்த நிலத்தில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன, 1867க்குப் பிறகு தேயிலை வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, அந்த மண்ணில் நான்கு தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கு அதில் ஓர் அடிகூடப் பங்கு வரவில்லை. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். காணி என்ற சொல் மலையகத்தில் எப்படிக் கேட்கும் என்பதை அறிந்துகொண்டுதான் நீங்கள் உடைமையாளர் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

நொத்தாரிசுக் குத்தகை ஏன் எழுதப்படவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கைமாறின. 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. திறைசேரியிடம் தங்கப் பங்கு, அதாவது கம்பனியின் முக்கிய முடிவுகளைத் தடுக்கக்கூடிய தனிப் பங்கு, உள்ளது. அந்தப் பங்கின் சம்மதம் இல்லாமல் கம்பனி தோட்டக் காணியை உபகுத்தகைக்குக் கொடுக்க முடியாது. அதனால் குத்தகை என்ற சொல்லையே தவிர்த்து, உடன்படிக்கை, ஏற்பாடு, திட்டம் என்று எழுதுகிறார்கள். காணியைக் கொடுத்தது போலவும் இருக்கும், கொடுக்காதது போலவும் இருக்கும். திறைசேரிக்கு இது தெரியாமல் நடக்கவில்லை. சம்மதம் கேட்கப்படாதவரை கேள்வி எழாது என்பதால் இரு தரப்பும் பேசாமல் இருக்கின்றன.

இந்த முறையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் இன்று சிறு பற்றுநிலங்களிலிருந்துதான் வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரியில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் 2024இல் 140 கோடி டொலரைத் தாண்டிய ஏற்றுமதியின் முதுகெலும்பு. அவர்கள் கையில் காணி உறுதி இருக்கிறது, அல்லது அனுமதிப் பத்திரம் இருக்கிறது. மலையகத் தொழிலாளியிடம் அவர்களுடைய உழைப்பையும் நட்டத்தையும் கொடுத்துவிட்டு, உறுதியை மட்டும் கம்பனி அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். பழைய விதைத் தேயிலை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,000 செடி. 1,500 செடி அரை ஏக்கர். தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலை என்றால் ஏக்கருக்கு 5,000 வரை நிற்கும். அதே 1,500 செடி அரை ஏக்கரைவிட நன்றாகக் குறைவு. செடியை எண்ணிக் கொடுப்பதில் முதல் சிக்கலே இதுதான். எண்ணிக்கை தாளில் ஏறுகிறது, நிலம் ஏறுவதில்லை. செடி செத்தால் குடும்பத்துக்குக் கொடுத்த பங்கு சுருங்குகிறது. நடுவில் உள்ள வெற்றிடம் யாருடையது என்று எங்கும் எழுதப்படவில்லை.

உயர்நிலப் பழைய தேயிலை ஹெக்டயருக்கு ஆண்டில் 1,000 கிலோ தேயிலைத் தூள் தரும் என்று வைத்துக்கொள்வோம். அரை ஏக்கரில் அது 202 கிலோ தூள். 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21.5 கிலோ தூள் என்ற விகிதத்தில் பார்த்தால் ஏறத்தாழ 940 கிலோ கொழுந்து. வாரத்துக்கு ஒரு சுற்று எடுத்தால் சுற்றுக்கு 18 கிலோ. ஒருவர் ஒரு நாளில் எடுத்துவிடலாம். இந்தக் கொழுந்துக்குச் சிறு பற்றுநில உடைமையாளர் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? தேயிலை ஆணையாளர் நடைமுறைப்படுத்தும் நியாய விலைச் சூத்திரத்தில் விற்பனை வருமானத்தின் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. சராசரி விற்பனை விலை கிலோவுக்கு 1,200 ரூபா என்று எடுத்தால் 1,200இன் 21.5 சதவீதம் 258. அதில் 68 சதவீதம் 175 ரூபா 44 சதம். ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 ரூபா, மாதத்துக்கு 13,700 சொச்சம். உரமும் களையெடுப்பும் இன்னும் கழியவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. அரை ஏக்கரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாது. அதற்குக் குறைந்தது ஒன்றரை, இரண்டு ஏக்கர் வேண்டும். அடுத்தது, நாள் கணக்கில் பார்த்தால் இது மோசமான வேலை அல்ல. ஆண்டுக்கு 52 நாள் கொழுந்து, களை, உரம், கான் (வடிகால்) வெட்டு எல்லாம் சேர்த்து இன்னும் ஓர் இருபத்தைந்து நாள். விளைச்சலை இரட்டிப்பாக்கினால் குடும்பம் நிமிர்ந்துவிடும். இரட்டிப்பாக்க முடியும் என்பதும் மலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்குத் தேவையான ஒவ்வொரு வேலையும் பலன் தர வருடங்கள் எடுக்கும், ஓராண்டுத் தாளில் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

கவ்வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலத்தில் நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். வெட்டிய மலையில் மூன்று மாதமாவது கொழுந்து இராது. தளிர் வந்தபின் மட்டம் வைத்து எடுத்து, மேசை கட்டி, செடி பழைய விளைச்சலுக்குத் திரும்ப இரண்டாம் வருடமாகும். அந்த இடைக்காலத்துக்குக் குடும்பம் எதைத் தின்னும் என்பதைத் தாள் சொல்லவில்லை. கவ்வாத்து முடிந்து செடி தளைத்த பிறகு பங்கு நம் கையில் இருக்குமா என்பதும் தெரியாது. விளைவு கண்முன்னால் இருக்கிறது. கவ்வாத்து தள்ளிப்போகிறது, செடி இடுப்புக்கு மேல் ஏறுகிறது, வங்கி (வளர்ச்சி நின்ற தளிர்) கூடுகிறது, சுற்று ஏழு நாளிலிருந்து பன்னிரண்டு நாளாகிறது, முற்றல் கொழுந்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கழிக்கிறார்கள். கழித்ததை ஈடுகட்ட, செடியை வாழவைக்க விட்டுவைக்க வேண்டிய இலையையும் சேர்த்துப் பறிக்கிறார்கள். பராமரிப்புத் திருப்தியில்லை என்று நீங்கள் எழுதப்போவது இந்தச் செடியைப் பார்த்துத்தான்.

வெற்றிடம் நிரப்புவது இன்னும் கடினம். 1,500 செடி நிற்க வேண்டிய இடத்தில் 30 சதவீதம் காலி என்றால் 450 கன்று வேண்டும். தவறணையில் (நாற்றுமேடையில்) பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்ந்த கன்று, ஒன்றரை அடி ஆழம், ஓர் அடி அகலக் குழி, மழை தொடங்கும்போது நடுகை, வரட்சிக்கு மூடாக்கு. கவ்வாத்து வெட்டிய உடனே நட்டால்தான் பிழைக்கும். பிந்தினால் பக்கத்துச் செடியின் நிழலில் கன்று செத்துவிடும். பிழைத்த கன்று ஒழுங்காகக் கொழுந்து தர மூன்று வருடமாகும். மறுநடுகை என்றால் பழைய செடியை வேரோடு பிடுங்கி, மானாப்புல் அல்லது குவாட்டமாலாப் புல் போட்டு 18 முதல் 24 மாதம் மண்ணைத் தேற்றி, அதற்குப் பிறகுதான் கன்று. பிடுங்கிய நாளிலிருந்து முழு விளைச்சல் வர ஏழு வருடம் வைத்துக்கொள்ளலாம். ஓராண்டுத் தாளை வைத்துக்கொண்டு ஏழு ஆண்டு வேலையை யார் தொடங்குவார்கள்? கம்பனிகளே 2045 நெருங்குகிறது என்று சொல்லி மறுநடுகையைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, தொழிலாளியிடம் அதை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

கொழுந்து விலை பற்றி. சிறு பற்றுநில உடைமையாளருக்கு ஒரு தொழிற்சாலை விலை குறைத்தால் அடுத்த தொழிற்சாலைக்குக் கொடுக்கலாம். தோட்டப் பங்குக்காரர் தோட்டத் தொழிற்சாலைக்கு மட்டும் கொடுக்க வேண்டும், அது சொல்லும் விலையை ஏற்க வேண்டும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதைக் கேட்க முடியாது. காணியும் செடியும் கம்பனியுடையவை, ஆகவே 68 சதவீதம் கொடுக்க முடியாது என்பது உங்கள் பதில். அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அப்படியானால் காணி வாடகையை ஏக்கருக்கு இவ்வளவு ரூபா என்று தனியாக எழுதுங்கள். கொழுந்து விலையைச் சூத்திரப்படி கொடுத்து, வாடகையை வேறு வரியில் கழியுங்கள். இரண்டையும் ஒரே விலைக்குள் புதைத்துவைத்தால் எவ்வளவு வாடகை போகிறது என்று எவராலும் கணக்கிட முடியாது.

ஏற்றுமதிக்கும் இதில் ஆபத்து உண்டு. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லிக்குத் தடை வந்தபோது களைக்கு வேறு மருந்துகள் அடிக்கப்பட்டதையும், 2017, 2018இல் எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியின் எச்சத்துக்காக ஜப்பான் இலங்கைத் தேயிலையைத் தடுத்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே பொது எல்லை பத்து லட்சத்தில் 0.01 பங்கு. ஒரு குடும்பத்தின் துண்டில் அடித்த தவறான மருந்து முழுத் தொகுதியையும் கெடுக்கப் போதும். முன்பு மருந்து தோட்டக் களஞ்சியத்திலிருந்து வந்தது, எந்த மலைக்கு எந்த நாளில் அடித்தார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. இப்போது பங்குக்காரர் கடைத்தெருவில் கிடைப்பதை வாங்கி அடிக்கிறார். பதிவு இல்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. தேயிலைச் சிறு பற்றுநில அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தர் பதிவு பெற்ற உடைமையாளரிடம் போவார். பதிவுக்குக் காணி ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாததால் ஆலோசனையும் இல்லை, உர மானியமும் இல்லை, மறுநடுகை மானியமும் இல்லை.

தொழிலாளியின் பழைய உரிமை என்னவாகிறது என்பதைக் கூறியே ஆக வேண்டும். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பேர் விழும் நாளில், சம்பளத்தின் ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் கம்பனி 12 ரூபா ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 ரூபா ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டும். பணிக்கொடை தனி. பங்குக் கொழுந்துக்குப் பேர் விழாது, நிதியும் விழாது. வாரத்தில் மூன்று நாள் பெரட்டு (தோட்டத்து நாட்சம்பள வேலை), மற்ற நாள் பங்கு என்று மாற்றினால் சேமலாபக் கணக்கு பாதியாகிறது. ஓய்வு பெறும்போதுதான் அது தெரியவரும். பங்கு எடுக்காதவருக்கு வேலை நாள் குறைகிறது, லயத்து வீடு என்னவாகும் என்ற பயமும் சேர்கிறது. இந்த நிலையில் போடும் கையொப்பத்தை விருப்பச் சம்மதம் என்று சொல்லாதீர்கள். இன்னொன்று: கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். தாளில் எழுதப்படுவது பல வீடுகளில் ஆணின் பெயர்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்ததை எல்லோரும் கண்டோம். சரிந்த மலையில் பங்கு வைத்திருந்தவரின் நட்டம் யாருடையது? நாங்கள் வாசித்த தாள்களில் அதற்கு ஒரு வரி இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

பதிவில்லாத தாளில் புதிதாக ஒரு பங்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தவற்றை நொத்தாரிசு உபகுத்தகையாக மாற்றிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். காலம் 2045 வரை. திறைசேரி ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாகக் கடிதம் கேட்காமல், இரண்டு ஏக்கர் வரையான தொழிலாளர் உபகுத்தகைகள் எல்லாவற்றுக்கும் தங்கப் பங்கின் பொதுச் சம்மதத்தை ஒரே தடவையில் வர்த்தமானியில் வெளியிட வேண்டும். 2045இல் கம்பனியின் தலைக் குத்தகை முடிந்தாலும், புதுப்பிக்கப்பட்டாலும், வேறு கம்பனிக்குப் போனாலும் உபகுத்தகைக்காரரைக் கிளப்ப முடியாது, காணியை அவருக்கு வழங்குவதையே அரசு முதலில் பரிசீலிக்கும் என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். இதுதான் தலையாய கோரிக்கை. இதைக் கொடுக்காமல் மற்றவற்றைக் கொடுத்தால் போதாது.

உபகுத்தகையோடு உரிமம் பெற்ற நில அளவையாளரின் படம் இணைய வேண்டும். அதில் பரப்பு பேர்ச்சஸில், நிற்கும் செடி, வெற்றிடம், கடைசிக் கவ்வாத்து ஆண்டு எல்லாம் குறிக்கப்பட வேண்டும். ஆவணம் தமிழில் இருக்க வேண்டும். கையொப்பத்துக்கு முன் ஒரு மாதமாவது குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். பெண் தனியாக வாழும் வீட்டில் அவர் பெயரில் எழுதுங்கள். ஒருவர் இறந்தால் மற்றவருக்கும், பின் பிள்ளைகளுக்கும் போகட்டும்.

அந்த ஆவணத்தை வைத்துச் சிறு பற்றுநில அபிவிருத்தி அதிகாரசபை பங்குக்காரரைப் பதிவு செய்து, மற்ற உடைமையாளருக்குரிய உரமும் மானியமும் ஆலோசனையும் தர வேண்டும். 68க்கு 32 சூத்திரம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தேயிலை ஆணையாளர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதிவு பெற்ற எந்தத் தொழிற்சாலைக்கும் கொழுந்து கொடுக்கும் சுதந்திரம் வேண்டும். மாதச் சிட்டையில் நிறை, ஈரக் கழிவு, விலை, காணி வாடகை, உரக் கடன் ஒவ்வொன்றும் தனி வரியாக வர வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய பங்குக்கு அந்த ஆண்டு வாடகை எடுக்காதீர்கள். அக்காலத்தில் குடும்பத்துக்குப் பெரட்டில் முழு வேலை நாள் கொடுங்கள். வெற்றிடம் நிரப்பத் தோட்டத் தவறணைக் கன்று அடக்க விலைக்குக் கிடைக்கட்டும். பங்கைத் திரும்ப எடுக்க வேண்டிய நிலை வந்தால் தேயிலை ஆராய்ச்சி நிறுவக உத்தியோகத்தர் ஒருவரின் எழுத்து அறிக்கை இல்லாமல் எடுக்காதீர்கள். குடும்பம் நட்ட கன்றுக்கு நட்டஈடு கட்டுங்கள்.

பங்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சேவைக்காலம் முறியாது, சேமலாபமும் பணிக்கொடையும் குறையாது, வீடு பறிபோகாது என்று ஒவ்வொரு தோட்ட மடுவத்திலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இன்று எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை ஏக்கர், எந்த நிபந்தனையில் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைத் தோட்டவாரியாக மூன்று மாதத்துக்குள் வெளியிடுங்கள். இந்த மடலுக்கான பதிலையும் தமிழில், பகிரங்கமாகத் தாருங்கள்.